தந்தையின் எஞ்சினும் தனயனின் எழிலும்

ஹென்றி ஃபோர்டின் பெயரைக் கேட்டிராத கல்லூரி மாணவர் இரார். பெருவீத உற்பத்தி என்ற பாடம் வந்தவுடன் விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவது அவரைத்தான். சென்னையை அடுத்த மறைமலைநகரில் 2022 வரை கார் உற்பத்தி செய்த தொழிற்சாலையும் அவர் பெயரைத் தாங்கியதே. ஆனால் அவருக்கு ஒரே மகன் இருந்தான் என்பதும், அவன் இருபத்துநான்கு ஆண்டுகள் அந்தப் பெரும் நிறுவனத்தின் தலைவனாக இருந்தான் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எட்சல் ஃபோர்டு என்பது அவர் பெயர். அமெரிக்காவில் எட்சல் என்றால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது விலைபோகாத ஒரு காரும் வியாபாரத் தோல்வியும்தான். அந்தக் கார் வெளிவந்தபோது அவர் உயிருடனே இல்லை என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு அவர்மீது நாட்டம் பிறந்தது ஒரு பழைய பிக்கப் வண்டியின் படத்தால். நான் நாமக்கல் பக்கத்தவன். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கம்பெனியிலிருந்து சேஸ் மட்டும் வரும்: சட்டம், எஞ்சின், கியர் பாக்ஸ், அச்சு, சக்கரம். அதன்மேல் கேபினையும் பின்பெட்டியையும் எங்கள் ஊர்க் கைகள் கட்டும். அமெரிக்காவில் இதைத் தலைகீழாகச் செய்யும் கைத்தொழில் ஒன்று உண்டு. 1930களிலும் 1940களிலும் வந்த பழைய பிக்கப் வண்டியின் உடலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அடியில் உள்ள அனைத்தையும் கழற்றிவிட்டு, புதிய காலத்து எஞ்சினையும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பொருத்துவார்கள். அப்படிப்பட்ட வண்டிகளுள் பெரிதும் விரும்பப்படுவது ஃபோர்டின் 1940ஆம் ஆண்டுப் பிக்கப்.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க ஒன்று எனக்குப் புலப்பட்டது. இந்த வண்டிகளில் கழற்றி எறியப்படுபவை பெரும்பாலும் தந்தை ஹென்றி விடாப்பிடியாகக் காத்த பாகங்கள். கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கப்படுவதோ மகன் எட்சலின் கண்ணுக்கு உகந்ததாய் அமைந்த உருவம். ஆயினும் வண்டியின் மேல் நிற்கும் பெயர் தந்தையுடையதாகவே மக்கள் நெஞ்சில் பதிந்திருக்கிறது! இந்த முரண்தான் என்னை எழுதத் தூண்டியது.

எட்சல் 1893 நவம்பர் 6ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். தந்தை அப்போது எடிசன் மின்னொளி நிறுவனத்தில் பொறியாளர். தம் பள்ளித் தோழர் ஒருவரின் பெயரை மகனுக்கு இட்டார். அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவு, ஹென்றி தாம் செய்த முதல் சிறு எஞ்சினை அடுக்களைத் தொட்டியில் வைத்து ஓட்டிப் பார்த்தார் என்பதும், மனைவி கிளாரா பெட்ரோலைத் துளித்துளியாக ஊற்றினார் என்பதும் பலரும் எழுதியுள்ள செய்தி. அப்போது குழந்தைக்கு ஏழு வாரம். 1896 ஜூனில் முதல் வண்டி உருவானபோது, அது கொட்டகையின் வாசலுக்குள் அடங்காமல் சுவரை இடித்துத்தான் வெளியே கொண்டுவர நேர்ந்தது. மோட்டார் வண்டியும் அந்தப் பிள்ளையும் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தன எனலாம்.

புகழ்பெற்ற டி மாடல் 1908இல் வந்தது. அதன் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். இல்லையேல் பின்னால் வரும் பூசல் விளங்காது. நம் லாரிகளில் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங் இருக்கும். பட்டறைகளில் கமான் பட்டை என்பார்கள். ஹென்றியோ முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று எனக் குறுக்குவாக்கில் இரண்டே ஸ்பிரிங் வைத்தார். எடை குறைவு, செலவு குறைவு. குண்டும் குழியுமான மண் பாதையில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கினாலும் வண்டி வளைந்து கொடுத்துப் போகும். உழவர் குடியில் பிறந்த ஒருவர் உழவர்களுக்காகச் செய்த வண்டி அது; அந்த அறிவுக்கு நாம் தலைவணங்கவே வேண்டும். ஆனால் பாதைகள் மாறின, வேகம் மாறியது, ஹென்றி மாறவில்லை.

பிக்கப் பிறந்த கதையும் இங்கேதான். டி மாடல் வாங்கிய உழவர்கள் பின்பக்கத்தை அறுத்துவிட்டு மரப்பெட்டி ஒன்றைத் தாமே கட்டிக்கொண்டார்கள். 1917இல் ஒரு டன் சுமக்கும் சேஸைக் கம்பெனி தனியாக விற்றது. அதற்கும் பாடியை வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும். நம் நாமக்கல் வழக்கம் அன்றே அங்கும் இருந்திருக்கிறது! 1925 ஏப்ரலில் கம்பெனியே எஃகுப் பெட்டி பொருத்தி ஒரு வண்டியை 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பெட்டியின் நீளம் 56 அங்குலம். தொழிற்சாலையிலிருந்தே முழுமையாக வந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அதுவே.

அப்போது எட்சல் நிறுவனத்தின் தலைவர். 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 25ஆம் வயதில், அப்பொறுப்பை ஏற்றிருந்தார். முதல் உலகப் போரில் அவர் படையில் சேராமல் தொழிற்சாலையில் இருந்ததைப் பத்திரிகைகள் ஏசின. அந்த வடு ஆறாமலே இருந்தது என்பர். தந்தை மகனுக்கு முடி சூட்டினார். செங்கோலை மட்டும் கைவிடவில்லை. தலைவரின் ஆணையைத் தந்தையின் ஒரு சொல் மாற்றிவிடும் என்பது தொழிற்சாலை முழுவதும் அறிந்த செய்தி.

எட்சலுக்கு ஓவியத்தில் ஈடுபாடு மிகுதி. எண்ணெய்க் கறை படிந்த எஞ்சினைவிட, ஒரு வண்டியின் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அவர் கண்ணை ஈர்த்தது. 1922இல் லிங்கன் நிறுவனத்தை ஃபோர்டு 80 இலட்சம் டாலருக்கு வாங்கியபோது, அதை மகனின் பொறுப்பில் விட்டார் ஹென்றி. லிங்கன் சேஸ்களைப் புரூன், ஜட்கின்ஸ், லெபாரன் போன்ற சிறந்த பாடி கட்டும் நிறுவனங்களிடம் கொடுத்து, விதவிதமான உடல்களை உருவாக்கினார் எட்சல். அவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. இந்தப் பட்டறைகளும் வரைபடங்களுமே அவருடைய பல்கலைக்கழகம்.

இதற்கிடையில் டி மாடலின் விற்பனை சரியத் தொடங்கியது. செவர்லே நெருங்கி வந்தது. 1926 சனவரியில் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்ற உயர் அலுவலர், புதிய மாடல் தேவை என்று ஹென்றிக்குப் பணிவாக ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அவர் எட்சலின் நண்பர். மனைவியர் இருவரும் உடன்பிறந்தோர். சில மாதங்களில் அவர் வேலை போயிற்று. எட்சல் தடுக்க முடியவில்லை. ஆயினும் காலம் ஹென்றியையும் வென்றது. 1927 மே 26ஆம் நாள் 1 கோடியே 50 இலட்சமாவது டி மாடல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அத்துடன் அந்த மாடலின் காலம் முடிந்தது. அன்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் எட்சல். அருகில் அமர்ந்திருந்தவர் தந்தை. இந்த மே 26 என்ற நாளை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்து வந்த ஏ மாடலில் தந்தையும் மகனும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். எஞ்சினும் அடிப்பாகங்களும் ஹென்றியுடையவை; உருவமும் நிறமும் உள்ளமைப்பும் எட்சலுடையவை. சிறிய லிங்கன் போல் தோன்றிய அந்தக் கார், 1927 டிசம்பரில் அறிமுகமாகி நான்கே ஆண்டுகளில் 48 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. ஆனால் பிரேக் விஷயத்தில் தகராறு. பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் குழாய் வழியே ஓடி நான்கு சக்கரங்களையும் சமமாகப் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கை எட்சல் விரும்பினார். குழாய் உடைந்தால் என்னாகும் என்பது ஹென்றியின் ஐயம். இரும்புக் கம்பியை இழுத்துப் பிடிக்கும் பிரேக்கிலேயே அவர் நின்றார். பலர் கூடியிருந்த உணவு மேசையில் இப்பேச்சை எடுத்த மகனைத் தந்தை வாயடைத்துவிட்டு எழுந்து போனார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. செவர்லே 1936இல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. ஃபோர்டு மாறியது 1939 மாடலில்தான். அந்த ஆண்டுகளில் கம்பி பிரேக்குடன் எத்தனை இலட்சம் வண்டிகள் சாலையில் ஓடின என்று எண்ணிப் பார்த்தால், இது வீட்டுச் சண்டை மட்டுமன்று என்பது விளங்கும்.

ஹென்றியின் கடைசிப் பெருஞ்சாதனை 1932இல் வந்த வி-8 எஞ்சின். எட்டு சிலிண்டர்களையும் அவற்றைத் தாங்கும் அடிப்பெட்டியையும் ஒரே வார்ப்பாக வார்த்து, எளியவர்களும் வாங்கும் விலையில் 65 குதிரைத்திறனைக் கொடுத்தார். வல்லுநர் பலர் முடியாது என்று கைவிரித்த வேலை அது. ஒரு குறை மட்டும் உண்டு: எரிந்த புகை சிலிண்டர்களுக்கிடையே எஞ்சின் உடலுக்குள்ளேயே புகுந்து வெளியேறியதால், அது விரைவில் சூடேறும். அந்த எஞ்சினை உருவாக்கிய ரூஜ் தொழிற்சாலையைத்தான் மெக்சிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா டெட்ராய்ட் கலைக்கூடத்தின் சுவர்களில் 27 ஓவியங்களாகத் தீட்டினார். பணம் கொடுத்தவர் எட்சல். 1933 மார்ச்சில் வேலை முடிந்ததும் சமயவாதிகளும் செல்வர்களும் பெருங்கூச்சலிட்டு, சுண்ணாம்பு பூசி அழிக்கச் சொன்னார்கள். எட்சல் அசையவில்லை; ஓவியங்கள் நிலைத்தன. வடக்குச் சுவரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் உருவாகின்றன. தெற்குச் சுவரில் கார்களின் உடல் உருவாகிறது. எட்சலின் உருவம் தெற்குச் சுவரின் மூலையில் நிற்கிறது! ரிவேரா எண்ணிச் செய்தாரோ, இடம் பார்த்துச் செய்தாரோ, அவர் நிற்க வேண்டிய சுவர் அதுதான்.

1935இல் ஃபோர்டுக்கென்று ஒரு வடிவமைப்புப் பிரிவை எட்சல் தொடங்கினார். தலைவராக அமர்த்தியது படகு வடிவமைப்பில் பயின்ற கிரிகோரி என்ற இளைஞரை. பெரிய நிறுவனங்களில் இப்பிரிவில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்த காலத்தில், இவர்கள் சிறு குழுவாகவே இருந்தார்கள். எட்சல் நாள்தோறும் வந்து அமர்ந்து, வரைபடத்தைப் பார்த்து, இங்கே சற்றுக் குறைக்கலாம் அங்கே சற்று நீட்டலாம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போவார். தந்தையின் குரல் எட்டாத ஓர் அறை அது. தம் சொந்த உபயோகத்துக்கென 1938இல் அவர் சொல்லி, கிரிகோரி வரைந்த திறந்த கார், புளோரிடாவில் பார்த்தவர்களையெல்லாம் மயக்கி, லிங்கன் கான்டினென்டல் என்ற பெயரில் விற்பனைக்கே வந்தது. அந்த அறையில் பிறந்ததுதான் 1940ஆம் ஆண்டு ஃபோர்டின் முகமும். அதே முகத்தை அவ்வாண்டின் பிக்கப்புக்கும் வைத்தார்கள். சரக்கு ஏற்றும் வண்டிதானே, எப்படி இருந்தால் என்ன என்று விடவில்லை. பால்காரரும் தச்சரும் வாங்கும் வண்டிக்கும் அழகு வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். எனக்கு எட்சல்மீது மதிப்பு உயர்ந்தது இங்கேதான்.

தொழிற்சாலைக்குள் நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. ஹாரி பென்னட் என்ற முரடர் ஹென்றியின் வலக்கையாகி, அடியாட்களைத் தீனி போட்டு வளர்த்தார். 1937 மே 26ஆம் நாள், மீண்டும் அதே தேதி, ரூஜ் வாயிலின் மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த தொழிற்சங்கத்தாரை அந்த ஆட்கள் இரத்தம் சொட்ட அடித்தார்கள். சங்கத்துடன் பேச வேண்டும் என்பதே எட்சலின் கருத்து. 1941இல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஹென்றி இறங்கிவந்து கையெழுத்திட்டபோது, எட்சலின் உடல்நிலை தளர்ந்திருந்தது. வயிற்றுப்புண் என்றார்கள், அறுவை செய்தார்கள், புற்றுநோய் என்று தெரிந்தது. குண்டுவீச்சு விமானங்கள் கட்டும் வில்லோ ரன் தொழிற்சாலையின் சுமையும் அப்போது அவர் தோளில். 1943 மே 26ஆம் நாள் எட்சல் காலமானார். வயது 49. டி மாடலை ஓட்டி வந்த அந்த நாளுக்குச் சரியாகப் பதினாறு ஆண்டுகள். ஏறத்தாழ எண்பது வயதான தந்தை மீண்டும் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்.

அந்த நாற்காலியை மீட்டவர்கள் பெண்கள். எட்சலின் மனைவி எலினார் தம் பங்குகளை விற்றுவிடுவதாகச் சொன்னார். ஹென்றியின் மனைவி கிளாரா மருமகள் பக்கம் நின்றார். 1945 செப்டம்பரில் எட்சலின் மூத்த மகன் இரண்டாம் ஹென்றி தலைவரானார். பென்னட்டை வீட்டுக்கு அனுப்பியது அவர் முதல் வேலைகளுள் ஒன்று. ஹென்றி ஃபோர்டு 1947 ஏப்ரலில் மறைந்தார். 1949 மாடல் காரில் குறுக்கு ஸ்பிரிங் இல்லை!

எட்சல் என்ற பெயரைக் கெடுத்த கார் 1957 செப்டம்பரில் வந்தது. அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, அவர் பெயரைப் போற்றுவதாக எண்ணிச் சூட்டினார்கள். முகம் விகாரம் என்று மக்கள் சிரித்தார்கள். 1959 நவம்பரில் நிறுத்தினார்கள். அழகையே உயிராகக் கொண்ட ஒருவரின் பெயரை விகாரத்துக்கு வைத்தால் அதைவிடக் கொடுமை உண்டோ? அவர் வரையாத ஒரு காரால் அவரை நினைக்கிறது உலகம்.

அவர் கண் பட்ட வண்டிகளோ பட்டறைகளில் மறுபிறவி எடுக்கின்றன. போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்குப் பழைய ஃபோர்டுகள் மலிவாகக் கிடைத்தன; அதிலிருந்து வளர்ந்த கலை இது. 1940 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். முதலில் உடலை முழுதாகத் தூக்கி இறக்குவார்கள். கேபினின் அடியோரம்தான் துருவுக்கு முதல் இரை. அழுகிய தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரத்தை வெல்டிங் வைப்பார்கள். கதவைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே வெல்டிங் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னர் கதவு மூடாது. பிறகு சட்டம். அது ஒரு பக்கம் திறந்த இரும்பு; 85 குதிரைத்திறனுக்குப் போதும். இன்றைய எஞ்சின் நானூறைத் தாண்டும்; அந்த முறுக்கைத் தாங்க, திறந்த பக்கத்தையும் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்குவார்கள். பழைய வி-8 கழற்றப்படும். அத்துடன் அதன் பின்னால் சுழலும் தண்டை மூடியிருக்கும் குழாயும் போகும். பழைய ஃபோர்டில் பின் சக்கரங்களின் உந்துதல் அந்தக் குழாய் வழியேதான் வண்டியைத் தள்ளுகிறது. அதை எடுத்துவிட்டால் பின் அச்சைப் பிடித்து நிறுத்த வேறு ஏற்பாடு வேண்டும். ஆகவே நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங்கோ சுருள் ஸ்பிரிங்கும் தாங்கு கம்பிகளுமோ வரும். ஒன்றைத் தொட்டால் பத்தைத் தொட வேண்டிய வேலை!

பிரேக்கை முதலில் மாற்று, எஞ்சினைப் பிறகு பார் என்பதே இதில் கைதேர்ந்தோர் கொள்கை. பழைய ஹைட்ராலிக் பிரேக்குக்கு எண்ணெய்ப் பாதை ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் பிடிக்காது. இன்றைய மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதை. ஒன்று போனாலும் மற்றது காக்கும். ஹென்றியின் ஐயத்துக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். முன்பக்கத்தில் ஒற்றை அச்சும் குறுக்கு ஸ்பிரிங்கும் போய், ஒவ்வொரு சக்கரமும் தனித்து ஏறி இறங்கும் அமைப்பும் டிஸ்க் பிரேக்கும் வருகின்றன. இதற்குப் பலர் கையாளும் மாதிரி, 1974 முதல் 1978 வரை விற்ற இரண்டாம் முஸ்டாங் காரின் முன்பாகம். அளவில் சிறியது, பழைய வண்டியின் ஒடுங்கிய மூக்குக்குள் அடங்கும். அந்தக் கார் வந்தபோது நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர் எட்சலின் மகன். தாத்தாவின் அச்சு இருந்த இடத்தில் பேரன் காலத்து அச்சு. மேலே அசையாமல் தந்தையின் முகம்.

வரலாற்றுச் சின்னத்தைச் சிதைக்கிறார்கள் என்று இதைக் கண்டிப்போரும் உண்டு. எதுவும் கழற்றப்படாத, பழுதில்லாத வண்டி ஒன்று கிடைத்தால் அதைத் தொடக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் வயலோரத்தில் எஞ்சின் இறுகி, சட்டம் துருவேறிக் கிடக்கும் வண்டிக்கு வேறு என்ன கதி? இரும்புக்கடைதான். இவர்கள் கையில் அது மறுபடி சாலையில் ஓடுகிறது.

எட்சலே இதற்கு வழிகாட்டி என்பது பலர் அறியாதது. 1934இல் தம் சொந்த உபயோகத்துக்காக, கிரிகோரியை வரையச் சொல்லி, நிறுவனத்தின் விமானப் பிரிவுப் பட்டறையில் அலுமினியத் தகட்டால் இருவர் அமரும் தாழ்வான கார் ஒன்றைக் கட்டுவித்தார். சேஸும் எஞ்சினும் சாதாரண ஃபோர்டுடையவை. சூடேறும் தொல்லை அதையும் விடவில்லை. 1939ஆம் ஆண்டு இறுதிக் குளிரில் உள்ளிருந்த தண்ணீர் உறைந்து எஞ்சின் உடல் வெடித்துவிட்டது. புதிதாக வந்திருந்த மெர்க்குரி காரின் வி-8 எஞ்சின் அதற்குள் இறக்கப்பட்டது. காற்று நன்றாகப் புகும்படி முன்முகத்தையும் கிரிகோரி திருத்தி வரைந்தார். எட்சல் மறைந்தபின் அந்தக் கார் விற்கப்பட்டு, பல கைகள் மாறி, நிறம் மாறி, எங்கெங்கோ அலைந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, கிராஸ் பாயின்ட் ஷோர்ஸ் என்ற ஊரில் ஏரிக்கரையிலுள்ள அவர் வீட்டைப் பாதுகாக்கும் அமைப்பினர் அதைத் தேடி வாங்கி, செப்பனிட்டு, அவ்வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.